சோபெகெம்சாஃபின் பச்சை வண்டும் 1,450 ரூபாய் நகலும்

பழம்பொருள் நகல்களை இணையவழியில் விற்கும் ஒரு கடையில் 'எகிப்திய அரசரின் இதய வண்டுத் தாயத்து, அருங்காட்சியகத் தரம், அச்சு அசல்' என்ற அறிவிப்பைக் கண்டு, 1,450 ரூபாய் செலுத்தி ஒன்றை வரவழைத்தேன். கடையின் பெயர் இந்த மதிப்புரைக்குத் தேவையில்லை. ஒரே அச்சில் வார்த்த ஒரே பொருள் நான்கைந்து கடைகளில் வெவ்வேறு பெயர்களுடன் கிடக்கிறது. ஆகவே வாங்க நினைப்பவர் அறிய வேண்டியது பொருளின் தன்மையைத்தான். லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஈ.ஏ. 7876 என்ற எண்ணில் பதிவாகியுள்ள தாயத்தின் நகல் இது என்று கடையே எழுதியிருந்தது. எண்ணைக் கொடுத்துவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியுமா? மூன்று மாலைப் பொழுதுகள் ஒருபுறம் நகலையும் மறுபுறம் அருங்காட்சியகத்தின் இணையப் பக்கத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் மூலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பச்சை ஜாஸ்பர் கல்லில் செதுக்கிய ஒரு வண்டு, பொன்தகட்டால் ஆன சிறு பீடத்தில் பதிக்கப்பட்டிருக்கிறது. வண்டுக்கு வண்டின் தலை இல்லை. அந்த இடத்தில் மனித முகம் இருக்கிறது. எகிப்தின் 17ஆம் அரச மரபைச் சேர்ந்த, அதாவது பொ.ஆ.மு. 16ஆம் நூற்றாண்டை ஒட்டித் தீப்ஸ் நகரிலிருந்து ஆண்ட, சோபெகெம்சாஃப் என்ற மன்னரின் பெயர் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. நீளம் நான்கு சென்டிமீட்டருக்கும் குறைவு. நம் பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர் என்பதால், ஒன்றரை நாணய நீளம்கூட இல்லை என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது கையளவு கனமான பொருள் போலத் தோன்றுவதால், நான் ஒரு நாணயத்தை மேசையில் வைத்துக்கொண்டேதான் படங்களைப் பார்த்தேன். உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினால் வெளியே தெரியாத ஒரு பொருளில், ஒரு மன்னர் தம் மறுமைக்கான மன்றாட்டை முழுவதும் எழுதி வைத்திருக்கிறார்.

இதய வண்டு என்பது சாதாரண வண்டுத் தாயத்திலிருந்து வேறானது. சாணத்தை உருண்டையாக்கித் தள்ளிச் செல்லும் வண்டைக் காலையில் எழும் சூரியனின் வடிவமாக, கெப்ரி என்ற தெய்வமாக எகிப்தியர் கண்டனர். 'உருவாதல்' என்ற பொருளுடைய அவர்களுடைய சொல்லும் அந்த வண்டின் படத்தாலேயே எழுதப்பட்டது. விரல்நுனி அளவுள்ள, நூல் கோக்க நீளவாக்கில் துளையிட்ட வண்டுகளை உயிரோடு இருப்பவர்களும் அணிந்தார்கள், முத்திரையாகவும் பயன்படுத்தினார்கள். இதய வண்டோ இறந்தவருக்கு மட்டும் உரியது, பெரும்பாலும் சற்றுப் பெரியது, மம்மியின் மார்பின்மேல் வைக்கப்படுவது. மூளையைப் பொருட்படுத்தாமல் அகற்றிவிட்ட எகிப்தியர், இதயத்தை மட்டும் உடலுக்குள்ளேயே விட்டுவைத்தனர். அறிவும் நினைவும் குணமும் அங்கேதான் இருக்கின்றன என்பது அவர்களின் நம்பிக்கை. மறுமையின் மன்றத்தில் அந்த இதயம் ஒரு தட்டிலும், வாய்மையின் தெய்வமான மாஅத்தின் இறகு மறு தட்டிலும் வைத்து நிறுக்கப்படும். நிறுவை சரியாக இல்லாவிட்டால், முதலைத் தலையும் சிங்க முன்னுடலும் நீர்யானைப் பின்னுடலும் கொண்ட அம்மித் என்ற விலங்கு இதயத்தை விழுங்கிவிடும். அத்துடன் எல்லாம் முடிந்தது.

ஆனால் எகிப்தியரை உண்மையில் அச்சுறுத்தியது அந்த விலங்கு அன்று, தம் சொந்த இதயம்தான் என்று இந்த வண்டைப் பார்க்கும்போது தோன்றுகிறது. வாழ்நாள் முழுவதும் உள்ளேயே இருந்து எல்லாவற்றையும் பார்த்த ஒரே சாட்சி அது. 'மனசாட்சி' என்ற சொல்லை நாம் அன்றாடம் சொல்லிச் சொல்லி அதிலுள்ள 'சாட்சி'யை மறந்துவிட்டோம்; எகிப்தியர் அந்தச் சாட்சி கூண்டில் ஏறிவிடுமோ என்று பயந்து, அதன் வாயை அடைக்க ஒரு கல்லைச் செய்தார்கள். இறந்தவரின் மறுமைப் பயணத்துக்காக எகிப்தியர் எழுதிவைத்த மந்திரங்களின் தொகுப்பான இறந்தோர் நூலின் 30பி எண்ணுள்ள வாசகம்தான் அந்தக் கல்லில் எழுதப்படுவது. பிற்காலப் பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருள்களில் முழுமையாகக் காணப்படும் அதன் தொடக்கம் ஏறத்தாழ இப்படிப் பொருள்படும்: 'என்னைப் பெற்றவள் தந்த நெஞ்சே, என்னைப் பெற்றவள் தந்த நெஞ்சே, நான் எடுத்த உருவங்கள் எல்லாவற்றுக்கும் உரிய நெஞ்சே, எனக்கு எதிராகச் சாட்சியாக எழுந்து நிற்காதே, மன்றத்தில் என்னை எதிர்க்காதே, தராசைக் காப்பவன் முன்னிலையில் என்மேல் பகை காட்டாதே.' சோபெகெம்சாஃபின் வண்டில் இருப்பது இந்த வாசகத்தின் தொடக்க கால வடிவங்களுள் ஒன்று. இதுவரை கிடைத்துள்ள இதய வண்டுகளிலும் இது மிகப் பழையவற்றுள் ஒன்று.

எந்தக் கல்லில் செய்ய வேண்டும் என்பதற்கும் விதி இருந்தது. வாசகத்துடன் சேர்த்து எழுதப்படும் குறிப்பு, நெமெஹெஃப் எனப்படும் பச்சைக் கல்லில் வண்டைச் செய்து, வெண்பொன் எனத்தக்க கலப்பு உலோகத்தில் பதித்து, வெள்ளி வளையம் கோத்து, இறந்தவரின் கழுத்தில் இட வேண்டும் என்கிறது. பச்சை முளைவிடும் பயிரின் நிறம், மீண்டும் உயிர்ப்பதன் நிறம். ஏட்டில் இருந்த விதி இப்படி இருந்தாலும், நடைமுறையில் பசுமை சாயும் எந்தக் கல் கைக்குக் கிடைத்ததோ அதை எடுத்துக்கொண்டார்கள். செர்பென்டைன், ஜாஸ்பர், கருமை கலந்த பச்சைப் பாறை எனப் பலவும் இதய வண்டாகியிருக்கின்றன. வளையம் கோப்பதும் எல்லாவற்றுக்கும் ஒன்றுபோல் அமையவில்லை. சிலவற்றுக்குப் பொன்சட்டம், சிலவற்றுக்குத் துளை, சிலவற்றை மம்மியைச் சுற்றிய துணியோடு சேர்த்துத் தைத்தும் வைத்தார்கள்.

இனி என் மேசையில் இருக்கும் நகல். அட்டைப் பெட்டி நன்றாக இருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்; கருப்பு உறை, உள்ளே பஞ்சு, மேலே பொன்னிறக் கண் அச்சு. பெட்டியைத் திறந்ததும் பெயின்ட் வாடை வந்தது. நகலின் நீளத்தை அளவுகோல் வைத்துப் பார்த்தேன், ஏழு சென்டிமீட்டர். மூலத்தின் இரு மடங்குக்குச் சற்றுக் குறைவு. 'அச்சு அசல்' என்று எழுதிவிட்டு அளவை மாற்றுவது ஏன் என்று கடைக்கு எழுதிக் கேட்டதற்கு, 'வாடிக்கையாளர்கள் பெரிதாக இருப்பதையே விரும்புகிறார்கள்' என்று பதில் வந்தது. அது வியாபாரத்துக்குச் சரியான பதிலாக இருக்கலாம். ஆனால் இந்தப் பொருளின் பொருளே அதன் சிறுமையில்தான் இருக்கிறது. இரு மடங்கு பெரிதாக்கினால் அது மேசைமேல் வைக்கும் அலங்காரம், கழுத்தில் கிடக்கும் காவல் அன்று.

கல் என்று சொல்லி விற்கப்படுவது கல்தூள் கலந்த ரெசின். ஊசிமுனையால் அடிப்பக்கத்தின் ஓரத்தில் லேசாகக் கீறினேன், பச்சைக்குக் கீழே வெள்ளைத் தூள் உதிர்ந்தது. இரண்டு பாதி அச்சுகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய தழும்பு ஒன்று வண்டின் இடுப்பைச் சுற்றி ஓடுகிறது. அரம் போட்டுத் தேய்த்திருந்தால் அது தெரிந்திருக்காது. மேல்பக்கச் சிறகுகளின் பிளவைக் காட்டும் கோடு மட்டும் ஒழுங்காக விழுந்திருக்கிறது, அதற்கு ஒரு மதிப்பெண் தருகிறேன். முகத்தைப் பொறுத்தவரை, மூலத்திலிருப்பது எந்தப் பகட்டும் இல்லாத முகம். நகல் செய்தவரோ எகிப்து என்றாலே நினைவுக்கு வரும் கோடுபோட்ட தலைத்துணியைச் சுற்றி, கண்ணுக்கு மை தீட்டி, துத்தன்காமுனின் பொன்முகமூடியைச் சுருக்கி ஒட்டிவிட்டார். பீடத்தின் பொன்வண்ணம் மூன்றாம் நாளே கட்டைவிரல் பட்ட இடத்தில் மங்கத் தொடங்கியது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஊரிலிருந்து வந்திருந்த அத்தை அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, தாயத்துங்கிற, கயிறு கோக்க ஓட்டையே காணோமே?" என்று கேட்டார். தலைப்பக்கத்தில் ஒரு வளையம் இருப்பதைக் காட்டினேன். அத்தை அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், வளையம் அவர் விரலோடு வந்துவிட்டது. அது இருந்த இடத்தில் துளை கிடையாது, பிடிமானம் கிடையாது, உறைந்துபோன பசையின் ஒரு சொட்டு மட்டும் இருந்தது. தாயத்து என்றால் உடம்போடு கட்டுவதற்குரியது என்ற முதல் செய்தியே நகல் செய்தவரின் காதில் விழவில்லை. படத்தில் வளையம் தெரிந்தால் போதும் என்று நினைத்திருக்கிறார்.

இந்த மதிப்புரையை எழுதத் தூண்டியது அடிப்பக்கம்தான். இதய வண்டை வாங்குபவரோ பார்ப்பவரோ முதலில் அதைக் கவிழ்க்க வேண்டும்; மேலே இருக்கும் வண்டு அந்த வாசகத்தைச் சுமக்கும் வாகனம் மட்டுமே. நகலின் அடியில் ஐந்து வரிகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. முதல் வரியில் உயிர்க்குறியான அன்க், ஒரு கண், ஒரு பறவை, மறுபடி அன்க், கண், பறவை. இரண்டாம் வரியில் நீரலை, இறகு, பாம்பு, மறுபடி நீரலை, இறகு, பாம்பு. மூன்றாம் வரி முதல் வரியேதான். நான்காவதும் ஐந்தாவதும் முந்திய வரிகளைத் தலைகீழாகத் திருப்பி வைத்தவை. அச்சு செய்தவர் பாதியை வரைந்து மறு பாதியைக் கணினியில் புரட்டி நிரப்பியிருக்கிறார் என்று நினைக்கிறேன். எந்த மன்னரின் பெயரும் அதில் இல்லை, மன்னர் பெயரைச் சூழும் நீள்வட்டமும் இல்லை. சேலைக் கரையில் அன்னமும் யானையும் மாறி மாறி வருவதைப் போல எழுத்துகள் ஓடுகின்றன. கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைக் கட்டிக்கொண்டு தராசின் முன் போய் நின்றால், 'உயிர், கண், பறவை, உயிர், கண், பறவை' என்று ஒருவர் உளறிக்கொண்டிருப்பார், அவருடைய இதயமோ எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடும்.

மூலத்தின் அடிப்பக்கம் இதற்கு நேர்மாறானது. அங்கே அழகில்லை. மன்னருடைய தாயத்து, பொன்னில் எழுதியது என்றதும் நாம் எதிர்பார்க்கும் நேர்த்தி சிறிதும் இல்லாமல், கூர்முனையால் கீறியதுபோல எழுத்துகள் கோணல்மாணலாக ஓடுகின்றன. இன்னும் உற்றுப் பார்த்தால், பறவை வடிவ எழுத்துகளுக்குக் கால்கள் இல்லை. செதுக்கியவர் மறந்துவிட்டதால் இப்படி ஆகவில்லை. சோபெகெம்சாஃபுக்கு முந்திய நடு அரசுக் காலத்தின் இறுதியிலும் அதை ஒட்டிய காலத்திலும் கல்லறைக்குள் வைக்கும் பொருள்களில் உயிருள்ளவற்றின் வடிவ எழுத்துகளை முழுமையாக எழுதாமல் விடுவது ஒரு வழக்கமாக இருந்தது; பறவைக்குக் கால் கிடையாது, பாம்புக்கு வால் கிடையாது. எழுதியது உயிர்பெற்றுவிடும் என்று உண்மையாகவே நம்பிய ஒரு சமூகத்தில், அடைத்த கல்லறைக்குள் இறந்தவரோடு ஒரு பறவையையோ பாம்பையோ முழு உடலோடு அடைப்பது ஆபத்து. எனவே படிப்பதற்குப் போதுமான அளவு எழுதி, நடமாடுவதற்குப் போதாத அளவில் நிறுத்தினார்கள். என் நகலின் பறவைகளுக்கு இரண்டு கால்களும், நகங்கள்கூட, தெளிவாக இருக்கின்றன. பாம்புகளுக்கு நீண்ட வால். எகிப்திய இறுதிச் சடங்கின் பூசாரி ஒருவர் பார்த்தால் இதைக் கல்லறைக்கு அருகிலேயே விட்டிருக்க மாட்டார்.

பெட்டியோடு வந்த துண்டுச் சீட்டையும் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும். இதை இதயத்துக்கு நேராக அணிந்தால் காதல் கைகூடும், தொழிலில் செல்வம் பெருகும் என்று அதில் அச்சிடப்பட்டுள்ளது. இதய வண்டின் வேலை இதயத்தைப் பேசவிடாமல் செய்வது. காதலுக்கு இதைவிடப் பொருத்தமற்ற தாயத்து கிடைப்பது அரிது. எகிப்தில் தாயத்துகளுக்குப் பஞ்சமே இல்லை என்பதால், ஆசைப்பட்டதற்கு ஏற்ற வேறொன்றைக் கடைக்காரர் தேர்ந்தெடுத்திருக்கலாம். துத்தன்காமுனின் மம்மித் துணிகளுக்குள் மட்டும் 143 அணிகளும் தாயத்துகளும் இருந்தன. 1914இல் தம் சேகரிப்பை வகைப்படுத்திய ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பீட்ரி 275 வகைகளைப் பிரித்துக் காட்டினார். தாயத்தைக் குறிக்க அவர்கள் வழங்கிய மெகெத், நெஹெத், சா என்ற சொற்கள் மூன்றும் 'காத்தல்' என்ற பொருளுடைய வினைகளிலிருந்து பிறந்தவை. தமிழில் 'காப்பு' என்று ஒரு சொல்லே கைவளையையும் காவலையும் குறிப்பதை நினைத்துக்கொண்டால் அந்தச் சொல்லாக்கம் நமக்கு எளிதில் விளங்கும். தாயத்து என்றதும் நம் மனத்தில் எழும் உருளையும் அவர்களிடம் இருந்தது. 21, 22ஆம் அரச மரபுகளின் காலத்தில், பாம்பிலிருந்தும் நோயிலிருந்தும் இந்தக் குழந்தையைக் காப்போம் என்று தெய்வங்கள் வாக்களிப்பதாக நீண்ட குறுகிய பாப்பிரஸ் நாடாவில் எழுதி, இறுகச் சுருட்டி, சிறு குழலில் அடைத்துக் கழுத்தில் கட்டினார்கள். அத்தகைய சுருள்கள் பலவும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலேயே உள்ளன. எங்கும் எழுத்துதான் உயிர், உறை அதற்குப் பின்னால்தான்.

சோபெகெம்சாஃப் என்ற பெயரின் பின்னால் ஒரு திருட்டு வழக்கும் இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்ட பிறகு இந்தச் சிறிய கல்லைப் பார்க்கும் கண்ணே மாறிவிடுகிறது. அவர் காலத்துக்கு ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின், ஒன்பதாம் ராம்செஸ் என்ற மன்னரின் 16ஆம் ஆட்சியாண்டில், தீப்ஸின் அரசர் கல்லறைகளை அதிகாரிகள் சோதனையிட்டனர். பார்வையிட்ட பத்து அரசர் கல்லறைகளில் உடைக்கப்பட்டிருந்தது சோபெகெம்சாஃபின் கல்லறை ஒன்றுதான் என்று, இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அபட் பாப்பிரஸ் கூறுகிறது. பிடிபட்ட கல்தச்சர் அமென்பனெஃபெரின் வாக்குமூலம் வேறொரு பாப்பிரஸில் கிடைத்துள்ளது. மன்னரின் கழுத்தில் ஏராளமான தாயத்துகளும் பொன்னணிகளும் கிடந்தன என்றும், மன்னரிடமும் அரசி நுப்காஸிடமும் இருந்தவற்றைச் சேகரித்துச் சவப்பெட்டிகளுக்குத் தீ வைத்ததாகவும், கிடைத்த 160 டெபென் பொன்னை எட்டுப் பேராக ஆளுக்கு 20 டெபென் பிரித்துக்கொண்டதாகவும் அவர் சொல்கிறார். ஒரு டெபென் ஏறத்தாழ 91 கிராம். மொத்தம் பதினான்கரை கிலோ. முதல்முறை சிக்கியபோது தம் பங்கான 20 டெபெனை ஓர் எழுத்தருக்கு லஞ்சமாகக் கொடுத்து வெளியே வந்து, கூட்டாளிகளிடம் இழப்பீடும் பெற்று, மறுபடி திருடப் போனதாகவும் அந்த மனிதர் சற்றும் கூசாமல் ஒப்புக்கொள்கிறார். இந்த வாக்குமூலச் சுருளின் மேல்பாதி 1935இல் பிரஸ்ஸல்ஸில், உள்ளே குடைந்த ஒரு மரப்பதுமைக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருந்ததை பெல்ஜிய எகிப்தியவியலாளர் ழான் கபார் கண்டெடுத்தார். கீழ்ப்பாதி நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் இருக்கிறது.

சோபெகெம்சாஃப் என்ற பெயரில் இரண்டு மன்னர்கள் ஆண்டதால், வண்டு இருவரில் எவருடையது என்பதில் ஆய்வாளர்களிடையே இருவேறு கருத்துகள் உண்டு. கொள்ளைபோன மன்னருடையதுதான் என்று கொள்பவர்களின் பார்வையில், பொன்னுக்காகப் பிணத்தையே கொளுத்தியவர்களின் கையிலிருந்து ஒரு சிறு பொற்பீடம் நழுவி வந்திருக்கிறது. எப்படியாயினும், உடலைக் காக்க வைத்த காப்பு உடலைக் காக்கவில்லை, தன்னைக் காத்துக்கொண்டது.

அருங்காட்சியகத்தின் இணையச் சேவையைப் பற்றி எழுத எனக்கு நல்ல சொற்கள் மட்டுமே இருக்கின்றன. 2020இல் புதுப்பித்து வெளியிட்ட அந்தத் தொகுப்பில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்களின் பதிவுகள் உள்ளன. பயனராகப் பதிவு செய்யவோ கட்டணம் செலுத்தவோ தேவையில்லை. தேடும் கட்டத்தில் பதிவெண்ணை இட்டால் பொருளின் பக்கம் திறக்கிறது, எதனால் ஆனது, காலம், அளவு, அருங்காட்சியகத்துக்கு வந்த விதம், காப்பாட்சியரின் குறிப்பு ஆகியவை ஒரே இடத்தில் கிடைக்கின்றன. வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்குப் படங்களை இறக்கிக்கொள்ளவும் உரிமம் தந்திருக்கிறார்கள். பக்கங்கள் ஆங்கிலத்தில் மட்டும் இருப்பதால், எகிப்தியவியல் சொற்களுக்குப் பழகாதவர்கள் முதல் நாளில் சற்றுத் தடுமாறலாம். லண்டனுக்கு நேரில் செல்ல வாய்ப்புள்ளவர்களுக்கு நிரந்தரக் காட்சிகளைக் காண நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால் கண்ணாடிப் பேழைக்குள் நான்கு சென்டிமீட்டர் பொருளைக் கவிழ்த்துப் பார்க்க எவராலும் இயலாது என்பதால், தாயத்துகளைப் பொறுத்தவரை வீட்டிலிருந்து திரையில் பார்ப்பவருக்கே ஆதாயம் அதிகம் என்பேன்.

இதோடு நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள ஹத்னெஃபெரின் இதய வண்டையும் சேர்த்துப் பார்க்குமாறு பரிந்துரைக்கிறேன். அந்த அருங்காட்சியகம் பதிப்புரிமையற்ற தன் பொருள்களின் படங்களை 2017 முதல் எந்தப் பயன்பாட்டுக்கும் தடையின்றித் திறந்துவிட்டிருக்கிறது. அரசி ஹத்செப்சுத்தின் அரசவையில் பெரும் செல்வாக்குடன் இருந்த செனென்முத்தின் தாய் ஹத்னெஃபெர். அவருடைய கல்லறையை அதே அருங்காட்சியகத்தின் அகழாய்வுக் குழு 1935–36இல் தீப்ஸின் மேற்குக் கரையில் கண்டது. செர்பென்டைன் கல் வண்டு, பொன்சட்டம், மெல்லிய நீண்ட பொன்சங்கிலி. அடிப்பக்கத்தில் வரிகள் நூல் பிடித்தாற்போல் ஓடுகின்றன. பறவைகளுக்குக் கால்கள் வந்துவிட்டன, அந்த அச்சம் அதற்குள் தணிந்திருந்தது. அரச குலத்தில் பிறக்காத ஒரு முதிய பெண்மணிக்குக் கிடைத்த செய்நேர்த்தி, சுமார் ஒரு நூற்றாண்டுக்கு முன் ஒரு மன்னருக்குக் கிடைக்கவில்லை. சோபெகெம்சாஃப் நாடு பிளவுண்டு, வடக்கை ஹிக்சோஸ் எனப்படும் அயல்நாட்டு மன்னர்கள் ஆண்ட வறிய காலத்தவர். ஹத்னெஃபெரோ பேரரசு எழுந்த காலத்தவர். ஒரு நாட்டின் கருவூலம் எந்த நிலையில் இருந்தது என்பதை இந்த இரண்டு வண்டுகளின் வயிற்றைத் திருப்பிப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆனாலும் எனக்கு மன்னருடைய கோணல் எழுத்தின்மேல்தான் பிடிப்பு.

நகலுக்கு ஐந்துக்கு ஒன்றரை தருகிறேன். ஒன்று சிறகுக் கோட்டுக்கும் பெட்டிக்கும், அரை மறுநாளே பதில் எழுதியதற்காக. 1,450 ரூபாய்க்கு ரெசின் வார்ப்பு என்பது விலை அதிகம், 'அருங்காட்சியகத் தரம்' என்ற சொல்லுக்கு எந்த அருங்காட்சியகமும் பொறுப்பில்லை. இத்தகைய பொருளை வாங்க விரும்புகிறவர்கள் பணம் செலுத்துவதற்கு முன் அடிப்பக்கத்தின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். ஒரே வரி மறுபடி வருகிறதா என்று பாருங்கள். வளையம் துளைக்குள் செல்கிறதா, மேலே ஒட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். அளவை மில்லிமீட்டரில் கேளுங்கள். பதிவெண்ணைத் தர மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். எண் தருகிற கடையில் அந்த எண்ணை நீங்களே தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். 'அசல் பழம்பொருள்' என்று எவரேனும் சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். உண்மையானால் அது களவுப் பொருளாக இருக்க வாய்ப்புண்டு, பொய்யானால் உங்கள் பணம் போயிற்று.

திருப்பி அனுப்ப ஏழு நாள் அவகாசம் இருந்தது. வளையம் கழன்றதால் ஏற்க மாட்டோம் என்று கடையார் எழுதிவிட்டார்கள். அத்தை ஊருக்குக் கிளம்பும்போது, பூசையறைப் பக்கம் மட்டும் அதை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது மின்கட்டண ரசீதுகள் பறக்காமல் இருக்க மேசைமேல் கிடக்கிறது, வயிறு மேல்நோக்கி.